எஸ்.இ.சி. பேஸ்பால்: சிறந்த பிட்சர் விருதை ரிலீவருக்குக் கொடுக்கலாமா? 2021 காப்ஸ் சண்டைக்குத் தனி இழை

#1 வெள்ளி_இரவு

டென்னசி இழையில் இந்தப் பேச்சு ஆரம்பித்து நாலு பக்கம் ஓடிவிட்டது, தலைப்பை விட்டு எங்கேயோ போகிறது என்று நெறியாளர் சொன்னதால் இங்கே தனியாகப் போடுகிறேன். விஷயம் இதுதான். எஸ்.இ.சி., அதாவது அமெரிக்கத் தென்கிழக்குப் பல்கலைக்கழக அணிகள் தங்களுக்குள் ஆடுகிற கான்ஃபரன்ஸ், 2003-இல் இருந்து சிறந்த பிட்சருக்கு (பந்து வீசுகிறவருக்கு) ஒரு விருது கொடுக்கிறது, ஓட்டுப் போடுவது அந்த அணிகளின் கோச்சுகள். டேவிட் பிரைஸ், ஏரன் நோலா, பால் ஸ்கீன்ஸ் என்று பெரிய பெயர்கள் உள்ள பட்டியல். 2021-இல் அதை வாங்கியவர் அர்கன்சாவின் கெவின் காப்ஸ். அவர் ரிலீவர், அதாவது ஆட்டத்தைத் தொடங்குகிற ஆள் இல்லை, நடுவில் வந்து முடித்து வைக்கிற ஆள். அதே வருஷம் வாண்டர்பில்ட்டில் ஜாக் லைட்டரும் குமார் ராக்கரும் வீசிக்கொண்டிருந்தார்கள். தொழில்முறை அணிகள் வரிசையாக ஆள் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் லைட்டர் 2-வது, ராக்கர் 10-வது. காப்ஸ் மூன்றாவது சுற்றில் 99-வது.

இதைக் காட்டித்தான் "பார்த்தாயா, கோச்சுகள் தப்பாக ஓட்டுப் போட்டார்கள்" என்று அங்கே இரண்டு பேர் சொல்கிறார்கள். எனக்கு அது அடிப்படையிலேயே கோணலான வாதமாகப் படுகிறது. இந்த விருது நாளைக்கு யார் கோடீஸ்வரன் ஆவான் என்று கேட்பதில்லை. பிப்ரவரியில் இருந்து மே வரை, எதிரணி கோச் வியாழக்கிழமை ராத்திரி தூக்கம் வராமல் யாரை நினைத்துக்கொண்டிருந்தார் என்றுதான் கேட்கிறது. அந்த வருஷம் அதற்குப் பதில் காப்ஸ்தான். எதிர்த்துப் பேசுகிறவர்கள் வரலாம்.

#2 நாஷ்வில்_காரன்

வந்துவிட்டேன். நான் சொன்னதைப் பாதி மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். டிராஃப்ட் எண் ஒரு கூடுதல் தகவல், அவ்வளவுதான். என் வாதம் வேலைப்பளு பற்றியது. ராக்கர் அந்த சீசனில் 122 இன்னிங்ஸ் (எதிரணியில் மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு இன்னிங்ஸ்), லைட்டர் 110. இரண்டு பேருமே ஆளுக்கு 179 ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க விடாமலே பேட்டரை அவுட் ஆக்குவது), அப்படி ஒரு பொருத்தம். காப்ஸ் 90 இன்னிங்ஸைக்கூடத் தொடவில்லை. ஸ்டார்ட்டர் என்பவன் முதல் பந்தில் இருந்து எதிரணியின் முழு பேட்டிங் வரிசையையும் மூன்று தடவை பார்க்கிறான், மூன்றாவது தடவை வரும்போது அவர்களுக்கு இவன் கையில் உள்ளதெல்லாம் தெரிந்திருக்கும். ரிலீவருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

அப்புறம் லைட்டர் மார்ச் 20 அன்று சவுத் கரோலினாவுக்கு எதிராகப் போட்டாரே, அது அவருடைய முதல் எஸ்.இ.சி. ஸ்டார்ட். முதல் பேட்டருக்கு வாக் கொடுத்தார் (தப்பான பந்துகள் போட்டு, அடிக்காமலே முதல் பேஸுக்குப் போக விட்டார்), அதற்குப் பிறகு 27 பேரையும் வரிசையாக அவுட் ஆக்கினார். 16 ஸ்ட்ரைக்அவுட், நோ ஹிட்டர், அதாவது எதிரணியில் ஒருவரும் பந்தை அடித்து பேஸை எட்டவில்லை. அந்த ராத்திரி ஒரு பயலும் காப்ஸ் பெயரைச் சொல்லவில்லை.

#3 கிரிக்கெட்_கண்ணன்

மன்னிக்கவும், நான் இந்த ஆட்டத்துக்குப் புதுசு, குமார் ராக்கர் என்ற பெயரைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். அவருடைய அம்மா இந்திய வம்சாவளி என்று படித்தேன். ஒரு சந்தேகம். ரிலீவர் என்றால் நம் டி20-இல் கடைசி ஓவர் போடுகிற ஆள் மாதிரியா? அப்படியென்றால் அவருக்கு ஏன் சிறந்த பவுலர் விருது கொடுக்கக் கூடாது, ஆட்டமே அங்கேதானே முடிவாகிறது?

#4 வெள்ளி_இரவு

கண்ணன், வாங்க. அந்த ஒப்பீடு சாதாரண ரிலீவருக்குப் பொருந்தும். கடைசி ஒரு இன்னிங்ஸ், மூன்று அவுட், கை குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். காப்ஸை அர்கன்சா கோச் டேவ் வான் ஹார்ன் அப்படிப் பயன்படுத்தவில்லை. 33 ஆட்டத்தில் 89 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும், சராசரியாக ஒரு தடவை வந்தால் கிட்டத்தட்ட மூன்று இன்னிங்ஸ். ஆறாவதிலோ ஏழாவதிலோ ஆட்டம் ஆடுகிற நேரத்தில் வந்து இறங்குவார், அதோடு எதிரணிக்குக் கதவு சாத்தியாச்சு. வெள்ளியும் வரலாம், ஞாயிறும் வரலாம். லைட்டர் வீசிய இன்னிங்ஸில் எண்பது சதவீதத்துக்கு மேல் இவர் வீசியிருக்கிறார், அதுவும் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்துகொண்டு.

இப்போது நாஷ்வில்காரருக்கு. ஈ.ஆர்.ஏ. பாருங்கள் (கண்ணனுக்காக: பிட்சர் தன் கணக்கில் விட்ட ரன், ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை என்ற கணக்கு). ராக்கர் 2.73, லைட்டர் 2.13, காப்ஸ் 0.90. சீசன் முழுக்க ஒன்பதே ஒன்பது ரன். 12 வெற்றி, 1 தோல்வி, 11 சேவ் (முன்னிலையைக் காப்பாற்றி முடித்த ஆட்டம்), 131 ஸ்ட்ரைக்அவுட். "வேலைப்பளு குறைவு" என்று கழித்தாலும் இந்த இடைவெளியை எப்படி மூடப்போகிறீர்கள்?

#5 புல்பென்_பெரிசு

இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் நினைவூட்டுகிறேன். நீங்கள் போடுகிற எண்கள் எல்லாம் ஜூன் வரைக்குமான முழு சீசன் எண்கள். விருது அறிவிப்பு வருவது மே மாசம் கடைசியில், அலபாமா ஹூவரில் கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட் நடக்கிற வாரத்தில். கோச்சுகள் ஓட்டுப் போடும்போது ரீஜனல் இல்லை, சூப்பர் ரீஜனல் இல்லை, ஒமாஹா இல்லை (தேசியக் கோப்பைக்கான சுற்றுகள், கடைசிச் சுற்று ஒமாஹாவில்). அவர்கள் கையில் இருந்தது பிப்ரவரி, மார்ச் ஆட்டங்கள், அப்புறம் பத்து வார இறுதிகளில் 30 கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று, கோச் தன் அணி ஆளுக்கு ஓட்டுப் போட முடியாது. அதனால் வான் ஹார்ன் காப்ஸுக்குப் போடவில்லை, வாண்டர்பில்ட் கோச் டிம் கார்பின் லைட்டருக்கோ ராக்கருக்கோ போடவில்லை. போட்டவர்கள் எல்லோரும் அடி வாங்கிய பக்கத்து ஆட்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே பத்திரிகைக்காரர்கள் தருகிற விருதைவிட இதை நான் அதிகம் மதிப்பேன்.

#6 நாஷ்வில்_காரன்

அதேதான் பெரிசு என் பிரச்சினையும். வாண்டர்பில்ட் ஓட்டு இரண்டாகப் பிரிந்திருக்கும். ராக்கருக்குக் கொஞ்சம், லைட்டருக்குக் கொஞ்சம். ஒரே அணியில் இரண்டு குதிரை ஓடினால் மூன்றாவது ஆள் உள்ளே புகுந்துவிடுவான். காப்ஸுக்கு அர்கன்சாவில் போட்டி கிடையாது.

#7 பைன்_ப்ளஃப்_மருமகன்

காப்ஸுக்கு அர்கன்சாவில் போட்டி கிடையாதா? ஐயா, அதுவே அவர் பெருமை இல்லையா! அந்த வருஷம் அர்கன்சாவுக்கு நம்பி வெள்ளிக்கிழமை அனுப்ப ஒரு நிலையான ஸ்டார்ட்டரே கிடையாது. மூன்றாவது, நான்காவது இன்னிங்ஸிலேயே ஆட்டத்தைப் புல்பென் (ரிலீவர்கள்) கையில் கொடுத்த நாட்கள் நிறைய. அப்படி இருந்தும் பத்து கான்ஃபரன்ஸ் தொடரையும் ஜெயித்தார்கள், பத்துக்குப் பத்து. 22 வெற்றி, 8 தோல்வி. எஸ்.இ.சி. மாதிரி இடத்தில் இது நடக்கிற காரியமா? லைட்டரை எடுத்துவிட்டால் வாண்டர்பில்ட்டில் ராக்கர் இருப்பார். காப்ஸை எடுத்துவிட்டால் அர்கன்சாவில் என்ன மிச்சம்?

நான் மாமனார் வீட்டு தயவில் இந்த ஆட்டத்துக்குள் வந்தவன். அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் காப்ஸைக் குறை சொன்னால் பாயசம் கிடைக்காது. அதனால் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

#8 கிரிக்கெட்_கண்ணன்

ஹாஹா. சரி, காப்ஸ் அப்படி என்னதான் வீசினார்? ஸ்கீன்ஸ் மாதிரி மணிக்கு 100 மைலா?

#9 புல்பென்_பெரிசு

கிட்டக்கூட இல்லை. அதுதான் வேடிக்கை. வேகத்தில் அந்த லீகில் அவரைவிட வேகமாக வீசுகிறவன் ஒவ்வொரு அணியிலும் நாலு பேர் இருந்தான். காப்ஸிடம் இருந்தது ஒரே ஒரு பந்து, கட்டருக்கும் ஸ்லைடருக்கும் (பக்கவாட்டில் வளைகிற பந்து வகைகள்) நடுவில் உள்ள ஒரு ஜாதி. நேராக வருகிற மாதிரி தெரியும், பேட்டர் மட்டையைச் சுழற்றத் தொடங்கிய பிறகு கீழே இறங்கிப் பக்கவாட்டில் வெட்டும். வலது கை பேட்டருக்கு மட்டையின் நுனியை விட்டு வெளியே போய்விடும், இடது கை பேட்டருக்கு முழங்கால் பக்கம் உள்ளே வந்து விழும். என்ன வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே சுழற்றுவார்கள், தெரிந்தே தவறவிடுவார்கள். நிறைய பந்துகள் ஸ்ட்ரைக் எல்லைக்குள்ளேயே இருக்காது, அப்படியும் யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை, ஏனென்றால் பாதி தூரம் வரை அது ஸ்ட்ரைக்காகத்தான் தெரியும்.

ஆளுக்கு அப்போது 24 வயசு. டெக்சஸ் சுகர்லேண்ட் பையன். நடுவில் முழங்கை அறுவை சிகிச்சை செய்து ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தவர். அதற்கு முந்தைய 2020 சீசன் கொரோனாவால் மார்ச்சிலேயே நின்றுபோனது, அந்த வருஷம் இந்த விருதையே யாருக்கும் கொடுக்கவில்லை. அந்தக் குட்டி சீசனில் இவருடைய ஈ.ஆர்.ஏ. 8-க்கு மேல். அடுத்த வருஷம் 0.90. அந்தக் கொரோனாவுக்காகக் கொடுத்த கூடுதல் வருஷம் இல்லையென்றால் இந்த இழையே இருந்திருக்காது.

#10 நாஷ்வில்_காரன்

அந்த 24 வயசு என்பதையும் கொஞ்சம் பேசலாமே. எதிரில் நிற்பது 19, 20 வயசுப் பையன்கள். ஆறு வருஷமாகக் காலேஜில் இருக்கிற ஆள் அவர்களை ஏமாற்றுவது பெரிய அதிசயமா? லைட்டர் அப்போது இரண்டாம் வருஷ மாணவர்.

#11 வெள்ளி_இரவு

வயசு தொழில்முறை அணிகள் பார்க்க வேண்டிய கணக்கு. அவர்கள் பார்த்தார்கள், அதனால்தான் 99. கான்ஃபரன்ஸ் விருதுக்கு வயசு வரம்பு கிடையாது. வயசைக் கழித்துக் கணக்குப் போட ஆரம்பித்தால், பிறகு யாருடைய அப்பா மேஜர் லீக் (தொழில்முறையின் உச்ச லீக்) பிட்சர் என்பதையும் கழிக்க வேண்டி வரும், லைட்டருக்கு அது ஒத்துவராது :)

ஓட்டுப் பிரிந்தது என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை, என்னிடம் மறுப்பும் இல்லை. அறிவிப்பில் வருவது பெயர் மட்டும்தான். ஆனால் ஒரே அணியில் இரண்டு நட்சத்திரம் இருந்தால் விருது வெளியே போய்விடும் என்பது விதி கிடையாது. அதே வாண்டர்பில்ட், 2011. சோனி கிரேயும் கிரேசன் கார்வினும். விருது கார்வினுக்குப் போனது, 13-2, ஈ.ஆர்.ஏ. 2.48. கிரே டிராஃப்டில் 18-வது, கார்வின் 59-வது. இன்றைக்குப் பார்த்தால் கிரே மேஜர் லீகில் பத்து வருஷத்துக்கு மேல் வீசி, 2023-இல் சை யங் (மேஜர் லீகின் சிறந்த பிட்சர் விருது) ஓட்டில் இரண்டாவதாக வந்தவர். கார்வின் மேஜர் லீகை எட்டவே இல்லை. அதற்காக 2011 வசந்தத்தில் கார்வின் வீசியதெல்லாம் பொய் ஆகிவிடுமா?

#12 எல்எஸ்யு_அத்தை

நீங்கள் எல்லோரும் கட்டிப் புரண்டு முடியுங்கள், நான் எங்கள் லூசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யு.) ஆள் நோலாவைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுப் போகிறேன். 2013-இல் 12-1, ஈ.ஆர்.ஏ. 1.57. 2014-இல் 11-1, ஈ.ஆர்.ஏ. 1.47. இரண்டு வருஷமும் அடுத்தடுத்து விருது. வெள்ளிக்கிழமை ராத்திரி பேட்டன் ரூஜில் நோலா வீசுகிறார் என்றால் ஆட்டம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நம்பிக் குழந்தைகளைத் தூங்க வைக்கிற நேரத்தைத் திட்டமிடலாம். ஸ்ட்ரைக் எல்லையின் ஓரத்தில் கோடு போட்ட மாதிரி வைப்பார். எந்தச் சண்டையும் இல்லை, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சிறந்த பிட்சர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். விவாதம் வந்தாலே அந்த வருஷம் யாரும் சரியாக இல்லை என்று அர்த்தம்.

#13 புல்பென்_பெரிசு

அத்தை, நோலா தங்கம், மறுப்பே இல்லை. ஆனால் அந்த எண்களை இன்றைய எண்களோடு அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விருதுப் பட்டியலைப் படிக்கிற எல்லோரும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

2011-இல் காலேஜ் பேஸ்பாலில் அலுமினிய மட்டைக்குப் புதுக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பந்து மட்டையில் பட்டுத் திரும்புகிற வேகத்தைக் குறைத்து, மர மட்டைக்குக் கிட்டத்தட்டச் சமமாக்கினார்கள். ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அப்படியே படுத்துவிட்டது. அதோடு அப்போதைய பந்தில் தையல் எழும்பி நிற்கும், விரலுக்கு நல்ல பிடி, காற்றில் தூரம் போகாது. மட்டையும் செத்தது, பந்தும் செத்தது. நோலா வீசியது அந்தக் காலத்தில். 2015-இல் தையல் தட்டையான பந்துக்கு மாறினார்கள், பந்து திரும்பப் பறக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பேட்டர்களின் பயிற்சி முறை மாறியது, ஒவ்வொரு மைதானத்திலும் பந்தின் பாதையை அளக்கிற கருவி வந்தது, 23 வயசு ஆட்கள் அணி மாறி மாறி வந்து ஆடுகிறார்கள். டென்னசி 2024-இல் ஒரே சீசனில் 184 ஹோம் ரன் அடித்தது. நோலா காலத்தில் இதைச் சொன்னால் சிரித்திருப்பார்கள்.

அதனால் 2014-இல் 1.47 என்பதும் 2023-இல் ஸ்கீன்ஸ் 1.69 என்பதும் ஒரே மாதிரி எண்களாகத் தெரியும், ஆனால் ஸ்கீன்ஸ் செய்தது ரொம்பவே கடினமான காரியம். 122 இன்னிங்ஸுக்குச் சற்று மேல், 209 ஸ்ட்ரைக்அவுட், 20 வாக். பென் மெக்டொனால்ட் 1989-இல் வைத்த 202 என்ற எஸ்.இ.சி. சாதனை 34 வருஷம் நின்றது. அதைத்தான் உடைத்தார். இரண்டு பேருமே உங்கள் எல்.எஸ்.யு.தானே அத்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

#14 எல்எஸ்யு_அத்தை

கோபமா? ஸ்கீன்ஸ் பெயரைச் சொல்லிவிட்டு என்னிடம் கோபத்தை எதிர்பார்க்கிறாயே தம்பி. அந்த வருஷம் ஜூன் 22, ஒமாஹா. வேக் ஃபாரஸ்ட்டுக்கு எதிராக அரையிறுதி, ஜெயித்தவர் இறுதிக்கு. இந்தப் பக்கம் ஸ்கீன்ஸ், எஸ்.இ.சி.யின் சிறந்த பிட்சர். அந்தப் பக்கம் ரெட் லவுடர், ஏ.சி.சி. என்ற இன்னொரு கான்ஃபரன்ஸின் சிறந்த பிட்சர், அதுவும் இரண்டு வருஷம் தொடர்ந்து வாங்கியவர். இப்படி இரண்டு விருதுக்காரர்கள் நேருக்கு நேர் நிற்பது எத்தனை தடவை நடக்கும்? லவுடர் ஏழு இன்னிங்ஸ், ரன் இல்லை. ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸ், இரண்டே ஹிட், ரன் இல்லை. இரண்டு பேரும் போன பிறகும் பூஜ்யம், பூஜ்யம். எட்டாவதில் வேக் ஃபாரஸ்ட் மூன்றாவது பேஸில் ஆள் வைத்துக்கொண்டு முன்பக்கம் தட்டிவிட்டது, எங்கள் முதல் பேஸ் ஆள் ட்ரே மோர்கன் ஓடி வந்து அள்ளி, விழுந்துகொண்டே ஹோமுக்குத் தள்ளிவிட்டான், தொட்டு அவுட். பதினோராவதில் டாமி வைட் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்து முடித்தான். நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரிக்க வந்தார்.

#15 கிரிக்கெட்_கண்ணன்

இதை இப்போதே போய்த் தேடிப் பார்க்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. மே மாசமே விருது கொடுத்துவிட்டால் இந்த மாதிரி ஆட்டங்கள் கணக்கிலேயே வராதே? பிறகு அது என்ன சிறந்த பிட்சர் விருது?

#16 பைன்_ப்ளஃப்_மருமகன்

வராது. வரவும் கூடாது. அது கான்ஃபரன்ஸ் விருது. ஒமாஹாவுக்கு எல்லா அணியும் போவதில்லை, போகிற அணியின் ஆளுக்கு மட்டும் கூடுதல் மார்க் எப்படிப் போடுவது? எல்லோருக்கும் பொதுவாக உள்ளது அந்த 30 ஆட்டம்தான்.

ஆனால் ஜூன் மாசத்தைச் சேர்த்தாலும் எங்கள் ஆளுக்குப் பயம் இல்லை. ஜூன் 7, நெப்ராஸ்காவுக்கு எதிராகத் தோற்றால் வெளியே என்ற ஆட்டம். காப்ஸ் மூன்றாவது இன்னிங்ஸிலேயே இறங்கி ஏழு இன்னிங்ஸ் வீசினார், ஒரு ரன் கொடுக்கவில்லை. ஏழு! அது ரிலீவர் வேலையா, ஸ்டார்ட்டர் வேலையா, நாஷ்வில்காரரே சொல்லட்டும். ஆறு நாள் கழித்து சூப்பர் ரீஜனல் மூன்றாவது ஆட்டம், நார்த் கரோலினா ஸ்டேட். அந்த சீசனில் முதல் தடவையாக அவரை ஸ்டார்ட்டராக அனுப்பினார்கள். எட்டு இன்னிங்ஸ் தாண்டியும் நிற்கிறார். ஒன்பதாவது ஆரம்பத்தில் 2-2. ஹோசே டோரஸ் ஒரு ஹோம் ரன் அடித்தார். 3-2. 118 பந்து வீசியிருந்தார் காப்ஸ். தேசத்தின் முதல் இடத்தில் இருந்த அணி வீட்டுக்குப் போனது. அந்த 12-1-இல் உள்ள 1 அதுதான். என் மாமனார் அன்றைக்கு டிவியை அணைக்கவே இல்லை, மற்ற ஆட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவர் பார்க்கவும் இல்லை.

#17 நாஷ்வில்_காரன்

மருமகனே, அந்த ஆட்டத்தை என்னிடம் சொல்லி வாதம் ஜெயிக்க முடியாது. ஒரு மாசம் முன்னே அப்படி நாலு ஸ்டார்ட் போட்டிருந்தால் நானே காப்ஸுக்குக் கொடி பிடித்திருப்பேன். என் கேள்வி கடைசி வரை அதேதான்: வார இறுதியில் ஒரு முழு ஆட்டத்தைத் தோளில் தூக்குகிறவனுக்கும், அந்த ஆட்டத்தில் எந்தப் பகுதிக்கு வருவது என்று கோச் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவனுக்கும் ஒரே தராசா? காப்ஸை வான் ஹார்ன் ஜெயிக்கக்கூடிய ஆட்டத்தில்தான் அனுப்புவார். 8-1 என்று பின்தங்கியிருந்தால் எழுந்திருக்கவே வேண்டாம். ராக்கருக்கு அந்த வசதி இல்லை. வெள்ளிக்கிழமை வந்தால் எதிரில் அவர்களுடைய நம்பர் ஒன். மழையோ, உடம்பு சரியில்லையோ, வீசித்தான் ஆக வேண்டும். மோசமான நாளில் அடி வாங்கினால் அதுவும் கணக்கில் ஏறும்.

#18 வெள்ளி_இரவு

இது இந்த இழையில் வந்த வலுவான வாதம், சரி. ஆனால் அதை அப்படியே திருப்பிப் பாருங்கள். கோச் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார் என்றால், எப்போதும் ஆட்டத்தின் கெட்ட நேரத்தில் அனுப்புகிறார். ஒரு ரன் வித்தியாசம், இரண்டு பேஸில் ஆள், எதிரணியின் மூன்றாவது நான்காவது பேட்டர் வருகிறார், அப்போது. ராக்கரின் 122 இன்னிங்ஸில் 7-0 என்று முன்னே இருக்கும்போது வீசியதும் உண்டு. காப்ஸின் 89-இல் அந்த மாதிரி சொகுசு இன்னிங்ஸ் மிகக் குறைவு.

எதிரணி கோச்சின் இடத்தில் இருந்து யோசியுங்கள், ஏனென்றால் ஓட்டு அவர்களுடையது. வாண்டர்பில்ட்டோடு ஆடும்போது திட்டம் எளிது: வெள்ளி ராக்கர், சனி லைட்டர், இரண்டில் ஒன்று போனாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை பிடித்துக்கொள்ளலாம். தேதி போட்ட ஆபத்து. அர்கன்சாவோடு மூன்று நாளும் ஆறாவது இன்னிங்ஸுக்குள் முன்னே போயாக வேண்டும். இல்லையென்றால் புல்பென் கதவு திறக்கும். மூன்று நாளில் எந்த நாள் என்று தெரியாது. சில வாரம் இரண்டு நாள். ஒரு ஆள் ஒரு தொடர் முழுவதையும் சுருக்கிவிடுகிறார், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தை ஆறாக்கிவிடுகிறார். இதை அனுபவித்த கோச்சுகள்தான் ஓட்டுப் போட்டார்கள்.

#19 மேரிவில்_மணி

டென்னசி இழையில் இருந்து உங்களைத் தேடிக்கொண்டு வந்தேன். எங்கள் பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. 2022 சேஸ் டொலாண்டர், 10-0. நடுவில் பந்து கையில் பட்டுச் சில வாரம் உட்கார்ந்தும் வாங்கினார். ஜார்ஜியா சதர்னில் இருந்து மாறி வந்தவர். 2025 லியம் டாயில், கோஸ்டல் கரோலினா, ஓல் மிஸ், அப்புறம் எங்களிடம், மூன்று வருஷத்தில் மூன்று காலேஜ். 95 இன்னிங்ஸும் சொச்சமும், 164 ஸ்ட்ரைக்அவுட். பேட்டர்கள் சுழற்றிய சுழற்றில் ராக்கி டாப்பில் காற்று வந்தது.

#20 எல்எஸ்யு_அத்தை

டாயில் 10-4, ஈ.ஆர்.ஏ. 3.20. எங்கள் கேட் ஆண்டர்சன் 12-1, ஈ.ஆர்.ஏ. 3.18, 119 இன்னிங்ஸ், 180 ஸ்ட்ரைக்அவுட், தேசத்திலேயே அதிகம். ஒமாஹா இறுதியின் முதல் ஆட்டத்தில் கோஸ்டல் கரோலினாவை 1-0 என்று தனியாளாக முழு ஒன்பது இன்னிங்ஸும் வீசி முடித்தான், மூன்று ஹிட், பத்து ஸ்ட்ரைக்அவுட். 2021-ஐ விடுங்கள், 2025-க்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

#21 மேரிவில்_மணி

அத்தை, நீங்களே முழு சீசன் எண்ணை எடுத்துவிட்டு ஒமாஹாவையும் சேர்க்கிறீர்கள். பெரிசு சொன்னதைப் படிக்கவில்லையா? மே மாசக் கணக்கில் டாயில்தான் பயங்கரம். ஒன்பது இன்னிங்ஸுக்கு 15-க்கு மேல் ஸ்ட்ரைக்அவுட்.

#22 பைன்_ப்ளஃப்_மருமகன்

15-ஐ வைத்துக்கொண்டு பெருமையா? 2024, ஹேகன் ஸ்மித், அர்கன்சா. 84 இன்னிங்ஸ், 161 ஸ்ட்ரைக்அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்கு 17-க்கு மேல், தேசிய அளவில் ஒரு சீசன் சாதனை. இடது கை. ஈ.ஆர்.ஏ. 2.04. அந்த வருஷம் யாருமே தனி இழை போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் நாஷ்வில்காரரே, ஸ்மித் 84 இன்னிங்ஸ், அவர் ஸ்டார்ட்டர். காப்ஸ் 89. வேலைப்பளு வேலைப்பளு என்று மூன்று பக்கமாகச் சொல்கிறீர்களே, ஸ்மித்துக்குக் கொடுத்ததும் தப்பா?

#23 நாஷ்வில்_காரன்

இது நல்ல குத்து. ஆனால் ஸ்மித் வீசிய 84-உம் ஆட்டத்தின் முதல் பந்தில் இருந்து, எதிரணி நம்பர் ஒன்னுக்கு எதிராக. நான் சொன்னது எண்ணிக்கை மட்டும் அல்ல, எந்த இடத்தில் இருந்து என்பதும்தான். அதை யாரும் இன்னும் தொடவில்லை.

#24 புல்பென்_பெரிசு

பழைய ஆட்களுக்காக இன்னொரு வருஷத்தையும் போட்டு வைக்கிறேன். 2018. ஆபர்னின் கேசி மைஸ் அந்த வருஷ டிராஃப்டில் முதல் ஆள், மொத்த தேசத்திலும் முதல். எஸ்.இ.சி. விருது ஃபுளோரிடாவின் பிரேடி சிங்கருக்கு, அவர் 18-வது. மைஸ் ஏப்ரல் வரை யாரும் தொட முடியாத மாதிரி இருந்தார், கடைசி வாரங்களில் கொஞ்சம் அடி வாங்கினார், 10-6, 3.30 என்று முடித்தார். சிங்கர் 12-3, 2.55, அவர் அணி லீக்கை ஜெயித்தது. ஸ்கவுட்டுகள் (தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடுகிறவர்கள்) மைஸின் கையைப் பார்த்தார்கள், கோச்சுகள் வாராவாரம் ஸ்கோர்போர்டைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். பிரைஸ் 2007, ஸ்கீன்ஸ் 2023 மாதிரி விருதும் டிராஃப்ட் முதல் இடமும் ஒரே ஆளுக்கு வருவதுதான் அபூர்வம்.

#25 கிரிக்கெட்_கண்ணன்

ஸ்கீன்ஸ் – லவுடர் ஆட்டம் பார்த்து முடித்தேன். அந்த முதல் பேஸ் ஆள் விழுந்துகொண்டே தள்ளியதை நாலு தடவை திருப்பிப் போட்டேன். சரி, கடைசிக் கேள்வி, எங்கள் குமாருக்கு என்ன ஆச்சு? விருதும் இல்லை, அந்த வருஷமாவது கோப்பை கிடைத்ததா?

#26 நாஷ்வில்_காரன்

கோப்பையும் இல்லை கண்ணன். 2021 இறுதி மூன்றாவது ஆட்டத்தில் அவர்தான் ஸ்டார்ட்டர், மிசிசிப்பி ஸ்டேட் 9-0 என்று ஜெயித்தது. டிராஃப்டில் எடுத்த மெட்ஸ் அணி மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தமே போடவில்லை. அடுத்த வருஷம் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 3-வது இடத்தில் எடுத்தது, லைட்டர் போன அதே அணி. 2024-இல் இரண்டு பேருமே மேஜர் லீகில் இறங்கினார்கள். ஆனால் 2019-ஐப் போய்ப் பாருங்கள். முதல் வருஷ மாணவனாக, சூப்பர் ரீஜனலில் தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தில் டியூக்குக்கு எதிராக நோ ஹிட்டர், 19 ஸ்ட்ரைக்அவுட். அந்த வருஷம் கோப்பையும் வாங்கினார்கள். ஸ்லைடர் விழுகிற விதத்தைப் பாருங்கள், டியூக் பேட்டர்கள் கடைசி இன்னிங்ஸ் வரை அதே இடத்தில் சுழற்றிக்கொண்டிருப்பார்கள்.

காப்ஸ் பற்றி: வெள்ளி_இரவு சொன்ன கோச் கணக்கை ஏற்கிறேன், அவர்கள் ஏன் அப்படிப் போட்டார்கள் என்று புரிகிறது. என்னிடம் ஓட்டு இருந்தால் லைட்டருக்குத்தான் போடுவேன்.

#27 வெள்ளி_இரவு

போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழாவது இன்னிங்ஸில் 4-3 என்று பின்தங்கி நிற்கும்போது லைட்டர் முந்தின நாளே வீசி முடித்துத் தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான் என் கவலை.